குயின் ஸ்திரீட் சேலைக் கடை மாடியில் ஒரு ஸ்டூடியோ

உரிமம் காலாவதி

மல்டிமீடியா வடிவமைப்பும் தயாரிப்பும் என்ற பாடத்தை என் தலையில் கட்டிய அன்று, அதற்கான கணினி அறையின் சாவியையும் கையில் கொடுத்தார்கள். முதல் வகுப்பில் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து கணினிகளைத் திறந்தார்கள். எல்லாத் திரையிலும் ஒரே செய்தி வந்தது: மென்பொருளின் உரிமம் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும். சொன்னதைச் செய்கிற பிள்ளைகள். எல்லாரும் 'புதுப்பிக்கவும்' என்பதை அழுத்தினார்கள். உடனே எல்லாத் திரையும் கடன் அட்டை எண்ணைக் கேட்டது.

"மிஸ், உங்க கார்டு இருக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஜுன் வெய் கேட்டான்.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் வரைகலை சொல்லிக்கொடுத்தவள். அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் விரிவுரையாளர்கள் சிலர், அவ்வளவு குறைந்த செலவில் அந்தப் பாடத்தை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். எங்கள் வகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ் எல்லாம் கலந்து ஓடும். இங்கே எல்லாரையும் தமிழிலேயே பேச விட்டிருக்கிறேன்.

அறையின் மூலையில் கருவிகள் வைக்கும் அலமாரி ஒன்று இருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு வீடியோ கேமரா இருந்தது. அதில் போடும் டேப்பை இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. ஒரு முக்காலி இருந்தது. அதற்கு இரண்டு கால். மீதி எல்லாம் ஒயர்.

நேரே துறைத் தலைவர் டாக்டர் குணசேகரனிடம் போனேன். நல்ல மனிதர். என்ன பிரச்சினை என்று போனாலும் முதலில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். அதிலேயே நம் கோபம் பாதி இறங்கிவிடும்.

"பட்ஜெட் இல்லலா ஜெசிந்தா. ஒண்ணு செய்வோம். இந்தப் பாடத்துக்கு ஸ்டூடன்ட்ஸ்கிட்ட தனியா ஒரு ஃபீஸ் போட்டுருவோம். சாஃப்ட்வேர், கேமரா, ஸ்டூடியோ வாடகை எல்லாம் அதுல அடங்கிரும்" என்றார்.

இந்தப் பேச்சு எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அடுத்த வகுப்பு முடிந்ததும் துர்கா என் மேசைக்கு வந்தாள். அவள் அப்பா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவள் கடலுக்கு அக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறி வகுப்புக்கு வருகிறவள்.

"மிஸ், அந்த ஃபீஸ் உண்மையா?"

"இன்னும் முடிவாகலம்மா."

"முடிவானா எனக்கு முன்னாடியே சொல்லிருங்க மிஸ். நானா படிப்ப விட்டு நின்னுக்குறேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னும் ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்வாரு. இப்பவே அவரு வீட்டுல உக்காந்துக்கிட்டே தூங்குறாரு."

கடையில் சாப்பாட்டுக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மறுபடி டாக்டர் குணசேகரன் அறைக்குப் போனேன். இந்த முறை அவர் பசியாறியதைப் பற்றிக் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஃபீஸ் வேணாம் டாக்டர். எனக்கு ஒரு செமஸ்டர் குடுங்க. காசு இல்லாம நடத்திக் காட்டுறேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "செமஸ்டர் கடைசியில வெளியிலேருந்து மதிப்பீட்டுக் குழு வருது. வசதி பத்தலைன்னு அவங்க எழுதிட்டா, ஒண்ணு ஃபீஸ், இல்ல பாடத்தையே மூடணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"பசியாறிட்டீங்களா?" என்றார்.

மீன் பெட்டி மூடி

இலவச மென்பொருள்களைக் கணினிகளில் ஏற்றினோம். படம் வெட்டி ஒட்ட ஒன்று, வரைய ஒன்று, ஒலிக்கு ஒன்று. ஜுன் வெய்க்குத் திருப்தி இல்லை. "மிஸ், பெரிய கம்பெனியில எல்லாம் இதையா யூஸ் பண்றாங்க?" என்று வாரம் தவறாமல் கேட்டான். "எங்க வெட்டணும்னு உனக்குத் தெரிஞ்சா எந்தக் கத்தியும் வெட்டும்" என்று நானும் வாரம் தவறாமல் சொன்னேன். ஒரு நாள் கணினி உறைந்து அவன் செய்த வேலை முழுவதும் போனது. அன்று அவன் கேள்வி கேட்கவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். சேமிக்காமல் வேலை செய்யக் கூடாது என்ற பாடம் அன்று நடந்தது.

கேமராவுக்கு அவரவர் கைப்பேசி. முக்காலியின் மூன்றாவது காலுக்கு ஒரு துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டினோம். வெளிச்சம்தான் சிக்கலாக இருந்தது. முகத்தில் ஒரு பக்கம் இருட்டடித்தது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க வெள்ளைப் பலகை ஒன்று வேண்டும் என்றேன். ஹஃபிஸ் கை தூக்கினான். அவன் பாலிக் புலாவ் பையன். அப்பா மீன் பிடிக்கிறவர்.

"வெள்ளையா, பெருசா, லேசா இருந்தா போதுமா மிஸ்? எங்க வீட்டுல நிறைய இருக்கு."

மறுநாள் மீன் பெட்டிகளின் பாலிஸ்டைரீன் மூடிகளைக் கட்டி எடுத்து வந்தான். வெளிச்சம் அருமையாக விழுந்தது. விலை கொடுத்து வாங்கும் பலகைகூட அவ்வளவு மென்மையாக அடிக்காது. ஆனால் கழுவிக் காயவைத்த பிறகும் அவை என்னவாக இருந்தன என்பதை அவை மறக்கவில்லை. அந்த செமஸ்டர் முழுவதும் எங்கள் வகுப்பைக் கடந்து போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பூனை ஒன்று வாசலில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

கேட்கவே முடியாத சத்தம்

படம் சரியாக வந்தது. ஒலி வரவில்லை. வகுப்பில் பேசினால் எதிரொலித்தது. படிக்கட்டில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போலக் கேட்டது. கழிவறைதான் அமைதி என்று ஜுன் வெய் அங்கே போய்ப் பதிவு செய்தான். முக்கியமான வசனத்தின் நடுவில் பக்கத்து அறையில் யாரோ தண்ணீர் இழுத்து விட்டார்கள். படம் சுமாராக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஒலிப்பதிவு ஸ்டூடியோ ஒன்றுக்கு விசாரித்தேன். அவர்கள் சொன்ன வாடகையைக் கேட்டு நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மாதா கோயில் திருநாளுக்குச் சேலை எடுக்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். குயின் ஸ்திரீட்டில் நான் வழக்கமாகப் போகும் கடை நடராஜா அண்ணனுடையது. கீழே பிடித்தது ஒன்றும் இல்லை என்றதும், "மாடியில ஸ்டாக் இருக்கு டீச்சர், நீங்களே போயி பாருங்க" என்றார். சின்ன அறை. நான்கு சுவரிலும் கூரை வரைக்கும் சேலைக் கட்டுகள், வேட்டிகள், தரையில் சுருட்டி வைத்த திரைத்துணிகள். அங்கே நிற்கும்போது என் தங்கை அழைத்தாள்.

"அக்கா, எங்க இருக்க நீ? ரேடியோ ஸ்டேஷன்லயா?"

"ஏன்?"

"உன் குரல் அவ்வளவு தெளிவா இருக்கு. அறிவிப்பாளர் மாதிரி பேசுற."

கையை ஒரு முறை தட்டிப் பார்த்தேன். தட்டிய இடத்திலேயே சத்தம் செத்துவிட்டது. நான் சேலை எடுக்காமல் கீழே ஓடி வந்தேன்.

"அண்ணே, உங்க மாடி எனக்கு வேணும்."

"வாங்குறீங்களா?"

"இல்லண்ணே, பிள்ளைங்க வந்து பேசிட்டுப் போவாங்க."

விளக்கிச் சொன்னேன். அவர் யோசித்தார். "சும்மாவே குடுக்குறேன் டீச்சர். ஆனா என் கடைக்கு ஒரு விளம்பரம் செஞ்சு குடுங்க. அதுல நான் பேசணும்."

நடராஜா அண்ணனின் குரல்

கடையில் அவர் பேசினால் எடுக்க வராதவர்களும் எடுத்துக்கொண்டு போவார்கள். "தங்கச்சி, இந்தக் கலரை நீ கட்டினா உன் மாமியாரே எங்க வாங்கினன்னு கேப்பா" என்பார். மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் முதுகை நிமிர்த்தி, "பேரன்புமிக்க வாடிக்கையாளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தார்.

ஒலிப்பதிவுக்குப் பொறுப்பு துர்கா. காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டால் அவளுக்கு எதிரில் இருப்பது பெரியவரா சின்னவரா என்பது தெரியாது.

"கட். அண்ணே, கடையில பேசுற மாதிரி பேசுங்க."

"இது விளம்பரம்மா. கொஞ்சம் கெத்தா இருக்க வேணாமா?"

"வேணாம்ணே. திரும்ப."

"பேரன்புமிக்க..."

"கட்."

அறையில் காற்றாடி போடக் கூடாது, சத்தம் வரும். அண்ணனின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. நடுநடுவே பக்கத்துக் கடையிலிருந்து பணம் எண்ணும் இயந்திரம் தர்ர்ர் என்று ஓடியது. பக்கத்தில் நாணய மாற்று வியாபாரி. ஹஃபிஸ் கீழே ஓடிப்போய் அவரைக் கெஞ்சுவான். அவரும் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் கையால் எண்ணுவார்.

கடைசியில் துர்காதான் வழி கண்டுபிடித்தாள். அண்ணனிடம் கேட்டுக்கொண்டு ஒரு கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு அவர் சட்டைப் பையில் போட்டு, கீழே வியாபாரத்தைப் பார்க்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பையில் இருப்பதை அவர் மறந்துவிட்டார். வாடிக்கையாளர்களிடம் அவர் பேசியது அத்தனையும் தேனாக விழுந்தது. அதோடு, மச்சான் வாங்கி ஓட்டும் புதுக் காடியைப் பற்றி அவருடைய கருத்தும் முழுமையாக விழுந்தது. பதிவை எல்லாரும் சேர்ந்து கேட்டபோது அவர் மனைவி சாந்தி அக்கா பக்கத்தில்தான் நின்றார்.

"எங்க தம்பியப் பத்தி இதுதான் நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"அது டயலாக் சாந்தி. டீச்சர் எழுதிக் குடுத்தது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மாடி வேண்டும்.

பையிலிருந்து எடுத்த குரலை மாடியில் அவருக்கே போட்டுக் காட்டி, அதே மாதிரி திரும்பச் சொல்ல வைத்து, விளம்பரத்தை முடித்தோம். கடையில் ஓடவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், நின்று பார்த்தார்கள். ஜுன் வெய் அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்த இலவச மென்பொருளைத் திட்டாமல் இருந்தான்.

அறிக்கையில் வந்த பெரிய வார்த்தை

மதிப்பீட்டுக் குழு வருவதற்குச் சில நாள் முன்பு டாக்டர் குணசேகரன் என்னைக் கூப்பிட்டு, வசதிகளைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தைக் காட்டினார். கைப்பேசிகள் 'கையடக்க டிஜிட்டல் படப்பிடிப்பு அமைப்பு' ஆகியிருந்தன. மீன் பெட்டி மூடிகள் 'ஒளித் திருப்பிகள்'. சேலைக் கடை மாடி 'வளாகத்துக்கு வெளியே அமைந்த ஒலிப்பதிவு ஸ்டூடியோ'.

"டாக்டர், அது ஸ்டோர் ரூம்."

"பொய் ஒண்ணும் இல்லையே ஜெசிந்தா. வளாகத்துக்கு வெளியதான இருக்கு? ஒலிப்பதிவு நடக்குதுல்ல?"

குழுவில் இரண்டு பேர். கோலாலம்பூரிலிருந்து வந்த டாக்டர் ரொஹானி, சிரிக்காத அம்மையார். மற்றவர் மிஸ்டர் லிம், விளம்பரப் படங்களுக்கு ஒலி செய்கிறவர். மாணவர்களின் படங்களைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள். பிறகு டாக்டர் ரொஹானி அறிக்கையை விரலால் தட்டி, "இந்த ஸ்டூடியோவைப் பார்க்கலாமா?" என்றார்.

டாக்டர் குணசேகரன் முகத்தில் வேர்வை கண்டது. "ட்ராஃபிக் அதிகமா இருக்கும் மேடம்."

"எனக்கு அவசரம் இல்ல" என்றார் அவர்.

நான் நடராஜா அண்ணனுக்குத் தகவல் சொன்னேன். "பெரிய ஆளுங்க வராங்கண்ணே, மாடியைப் பாக்கணுமாம்." அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது. "கவலைப்படாதீங்க டீச்சர், நான் பாத்துக்குறேன்" என்று அவர் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாடி

கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாணவர்கள் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார்கள். துர்காவின் முகம் சரியில்லை. "மிஸ், மேல போய்ப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குள் குழு படியேற ஆரம்பித்துவிட்டது.

கதவைத் திறந்தேன். அறை பளபளவென்று இருந்தது. ஒரு சேலை இல்லை. சுவர் நான்கும் வெறும் சுவர். நடுவில் ஒரு சோஃபா, கண்ணாடி மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் பூங்கொத்து. நடராஜா அண்ணன் புது வேட்டியில் நின்று கை கூப்பினார்.

"ஸ்டூடியோ மாதிரி இருக்கணும்னு சரக்கு எல்லாத்தையும் கீழ இறக்கிட்டேன் டீச்சர். இனிமே யாரும் ஸ்டோர் ரூம்னு சொல்ல முடியாது."

மிஸ்டர் லிம் நடுவில் போய் நின்று ஒரு முறை கை தட்டினார். சத்தம் சுவருக்குச் சுவர் மோதிச் சுற்றியது. அவர் என்னைப் பார்த்தார். "இங்கயா பதிவு செஞ்சீங்க?"

டாக்டர் குணசேகரன் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பும் எதிரொலித்தது.

ஃபீஸ், துர்கா, அவள் அப்பாவின் ஓவர்டைம் எல்லாம் எனக்குள் ஒன்றாக வந்து நின்றது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். துர்கா என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். டாக்டர் குணசேகரன் காடியில் வரும்போதே என்னிடம், "அந்தப் பொண்ண மட்டும் பேச விடாதீங்க" என்று சொல்லியிருந்தார்.

"இங்கதான் சார். ஆனா இப்படி இல்ல. கொஞ்ச நேரம் குடுங்க" என்றவள், படிப்பக்கம் திரும்பிக் கத்தினாள்: "சேலையை எல்லாம் மேல ஏத்துங்க!"

மாணவர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். கட்டுகள் கை மாறி மேலே வந்தன. நடராஜா அண்ணன் "பட்டு, பட்டு, பாத்து!" என்று அலறினார். சேலை அடுக்கும் அலமாரிகள் வெளியே மாடிக் கூடத்தில் கிடந்தன. அவற்றை ஜுன் வெய்யும் ஹஃபிஸும் இழுத்து வந்தார்கள். கீழே சேலை எடுக்க வந்த ஓர் அக்கா, ஏதோ மலிவு விற்பனை என்று நினைத்து வரிசையில் சேர்ந்துகொண்டார். அவர் கையிலும் ஒரு கட்டு கொடுக்கப்பட்டது.

முதல் சுவர் நிறைந்ததும் மிஸ்டர் லிம் கை தட்டினார். சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அவர் முகம் மாறியது. கோட்டைக் கழற்றி சோஃபாவில் போட்டுவிட்டு அவரும் கட்டுகளை வாங்கி அடுக்க ஆரம்பித்தார்.

"ரொம்ப இறுக்கி அடுக்காதீங்க சார். நடுவுல காத்து இருக்கணும்" என்றாள் துர்கா.

"தெரியும், தெரியும்" என்றார் அவர்.

ஒவ்வொரு சுவருக்கும் ஒரு தட்டல். கடைசிச் சுவருக்குப் பிறகு தட்டியபோது அந்தச் சத்தம் அவர் கையை விட்டு எங்கேயும் போகவில்லை. "சந்தேக்" என்றார் மலாயில். அழகு என்று அர்த்தம். தலையை ஆட்டியபடி "சந்தேக் லா" என்று மறுபடி சொன்னார்.

டாக்டர் ரொஹானி சோஃபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பேசிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அறிக்கையின் முதல் வரியைப் படித்தார். துர்கா ஹெட்ஃபோனை அழுத்திக் கேட்டாள்.

"கட். உங்க வளையல் சத்தம் வருது. கழட்டிருங்க."

டாக்டர் குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் ரொஹானி ஒவ்வொரு வளையலாகக் கழற்றினார். வைக்க இடம் தேடிச் சுற்றிப் பார்த்து, டாக்டர் குணசேகரன் கையில் கொடுத்தார். மறுபடி படித்தார்.

"கட். இப்ப நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"அதேதான் என்கிட்டயும் சொல்லுச்சு!" என்றார் நடராஜா அண்ணன், உற்சாகமாக.

மூன்றாவது முறை நன்றாக வந்தது. போட்டுக் காட்டினாள். டாக்டர் ரொஹானி தன் குரலை முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொரு தரம் எடுக்கலாமா? முதல் வரியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றார். டாக்டர் குணசேகரன் வளையல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

முடிவு

திரும்பும் வழியில் டாக்டர் ரொஹானி என்னிடம் சொன்னார்: "ஸ்டூடியோன்னு எழுதினதை அடிச்சிருங்க. துணிக்கடை மாடின்னே எழுதுங்க. நான் எத்தனையோ இடத்துல பூட்டி வச்ச ஸ்டூடியோவைப் பாத்திருக்கேன். சாவி யார்கிட்ட இருக்குன்னு தேடவே நேரம் போயிரும். இந்தப் பிள்ளைங்க ஒரு ரூமை என் கண்ணு முன்னால கட்டினாங்க."

பாடம் தொடரலாம், மாணவர்களிடம் தனிக் கட்டணம் வாங்கத் தேவையில்லை என்று குழு எழுதிக் கொடுத்தது. துர்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியா மிஸ்" என்றாள். பிறகு திரும்பி நின்று சுவரைப் பார்த்தாள். நான் மேசையில் எதையோ தேடுவது போலப் பாவனை செய்தேன். அந்த விடுமுறையில் மிஸ்டர் லிம் அவளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களிடம் இல்லாததைப் பெரிய வார்த்தை போட்டு மறைக்காதீர்கள். நானும் அன்று சோஃபாவையும் பூங்கொத்தையும் பார்த்தபோது, எதையாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். துர்கா குறுக்கே வராவிட்டால் சமாளித்தும் இருப்பேன்; பாடம் போயிருக்கும். என்ன குறை என்று மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் பாடம் ஆரம்பமாகிறது. அதற்குப் பிறகு நமக்குப் பெரிய வேலை இல்லை. அவர்கள் "கட்" என்று சொன்னால் பேச்சை நிறுத்தத் தெரிந்திருந்தால் போதும்.